நற்றுயிலும் நகர வாழ்வும்

மாந்தர்க்கு இன்றியமையாதன யாவையென வினவின், உணவு, நீர், காற்று, உடை, உறையுள் என எண்ணிக் கூறுவார் பலர். துயிலையும் அவற்றோடு சேர்த்து எண்ணுவார் சிலரே. உண்ணாதிருப்பவனைக் கண்டு இரங்கும் உலகம், உறங்காதிருப்பவனைக் கண்டு வியக்கின்றது. "இரவெல்லாம் கண் விழித்துப் படித்தான்" என்பது நம் கலாசாலைகளில் இன்றும் ஒரு பாராட்டுரையாகவே வழங்கி வருகின்றது. அப்பாராட்டுத் தகுமோ தகாதோ என்று ஆராய்வதும், நம் சென்னை மாநகரிலேயே துயிலைப் பற்றி நடந்த அரியதோர் ஆராய்ச்சியை மாணவ நண்பர்க்கு எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

துயிலுக்குத் தமிழில் பெயர்கள் பல. உறக்கம், தூக்கம், துஞ்சல், நித்திரை என்பன யாவரும் அறிந்தவை. குழந்தை உறங்குவதை மட்டும் "கண்வளர்தல்" என்று சொல்லும் வழக்கு நம் தாய்மாரிடம் உண்டு. இஃது அன்பினாற் பிறந்த சொல்லேயாயினும், உண்மையோடு பொருந்திய சொல்லுமாகும். உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு நீர் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த துயிலின்போதே என்பதை இக்கால உடலியலார் கண்டுள்ளனர்.

துயிலைப் புகழப் புகுவார்க்கு ஒரு தடை எழும். மயிலாப்பூரில் வாழ்ந்தவரெனச் செவிவழி மரபு கூறும் திருவள்ளுவர், மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெடுவார் விரும்பும் நான்கு குற்றங்களுள் துயிலையும் ஒன்றாக வைத்தாரன்றோ என்பர். மெய்யே. ஆயின் அவர் துயிலை வைத்த இடத்தை நோக்குக. காலந் தாழ்த்தல், மறதி, சோம்பல் ஆகியவற்றோடு உடன்வைத்துக் கடிந்தமையால், செய்ய வேண்டிய வினையைக் கைவிட்டு அளவிறந்து கிடக்கும் துயிலையே அவர் விலக்கினார் என்பது தெளிவு. பகலெல்லாம் உழைத்தவன் இரவிற் பெறும் துயில் மடியன்று. மறுநாளை உழைப்புக்கு அவன் சேர்த்து வைக்கும் முதலாகும்.

துயிலின் இயல்பு

நாம் ஏன் உறங்குகின்றோம்? நம்மை உறக்கத்துக்கு ஈர்க்கும் ஆற்றல்கள் இரண்டு. முதலாவது, விழித்திருக்குந்தோறும் மூளையிற் சிறிது சிறிதாகச் சேரும் துயிலவா. அடினோசின் என்னும் பொருள் இதற்கு ஒரு முக்கிய காரணமென்பர். மயிலைக் காப்பியின் மணத்துக்கு மயங்காதார் அரியர்; அக்காப்பியிலுள்ள கஃபீன் செய்வதெல்லாம், அடினோசின் மூளையில் தன் செய்தியைச் சொல்லாதவாறு வாயிலை அடைத்து நிற்பதே. களைப்பு நீங்கிவிடுவதில்லை, களைப்பின் அறிவிப்பே தடைப்படுகின்றது. மாலையிற் பருகிய காப்பியின் பாதியளவு கஃபீன் ஏறக்குறைய ஐந்து மணி நேரங் கழித்தும் உடலில் நிற்றலால், இரவிற் படுக்கைக்குச் செல்வோன் அக்காவலனையும் உடனழைத்துச் செல்கின்றான்.

இரண்டாவது ஆற்றல், நம்முள் இருந்து ஓடும் காலக்கடிகாரம். மூளையின் அடிப்புறத்தில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்த ஒரு சிறு நரம்புத்தொகுதி, பகலொளியைக் கொண்டு நாழிகையைத் திருத்திக்கொண்டு உடல் முழுவதையும் நடத்துகின்றது. இருள் சூழ்ந்தபின் மெலடோனின் சுரக்கின்றது, உடலின் உள்வெப்பம் தணிகின்றது, துயில் வருகின்றது. இக்கடிகாரம் உயிரணுக்களுள் இயங்கும் முறையைக் கண்டமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இத்துறையில் தமிழ்நாடும் பின்தங்கி நிற்கவில்லை என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் அவர்கள், மதுரைக்கு அருகேயுள்ள குகை வௌவால்களின் காலவொழுங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கதிரவனொளி எட்டாத குகையிருளில் அடைத்துவைத்த வௌவாலும், தன் இனத்தார் மாலையில் வெளிப்போந்து வைகறையில் மீளும் ஆரவாரத்தைக் கேட்டுத் தன் நாளை ஒழுங்குபடுத்திக் கொண்டதை அவரும் அவர்தம் மாணவரும் கண்டனர். கடிகாரமும் பகலொளியும் புறவுலகச் செய்தியும் எட்டாத தனியறையில் மனிதரை வாழச்செய்து, அவர்தம் துயிலையும் விழிப்பையும் அளந்தறியும் ஆய்வும் அங்கே நடந்தது. உயிர்கள் காலத்தை வெளியிலிருந்து கடன் வாங்குவனவல்ல, தம்முள்ளேயே தாங்கியிருப்பன என்பதற்கு இவை சான்றாவன.

துயில் ஒரே தன்மைத்தன்று. ஏறக்குறைய தொண்ணூறு நிமிஷங்களுக்கு ஒருமுறை மெல்லுறக்கம், ஆழ்துயில், கனவுத்துயில் எனச் சுழன்று வருவது. கனவுத்துயிலின்போது மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசைவதைச் சிக்காகோ நகரில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்போர் 1953-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இரவின் முற்பகுதியில் ஆழ்துயில் மிகும். பிற்பகுதியிற் கனவுத்துயில் மிகும். ஆகவே விடியற்காலை இரண்டு மணி நேரத்தை வெட்டியெறிபவன், துயிலில் எல்லாவற்றினும் காற்பங்கை இழப்பவனல்லன். கனவுத்துயிலிற் பெரும்பங்கை இழப்பவனாவான். பருத்தி மூட்டையின் ஓரத்தை அறுத்தால் குறைவது பருத்தி மட்டுமே. ஆனால் நூலின் இறுதி இயல்களைக் கிழித்தால் முடிவே தெரியாது போகும். துயில் நூல் போன்றது.

மாணவர்க்குத் துயிலாற் பயன்

1924-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் எளியதொரு சோதனை செய்தனர். கல்லூரி மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடஞ் செய்யச் சொல்லி, சிலபோது உடனே உறங்கவிட்டும், சிலபோது விழித்திருக்கச் செய்தும், ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு மணி நேரங் கழித்து வினவினர். விழித்திருந்த நாட்களில் மறந்தது மிகுதி. உறங்கிய நாட்களில் மறந்தது மிகக் குறைவு. அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள், கற்றதை மூளை நிலைநிறுத்திக் கொள்ளும் வேலை துயிலில் நடைபெறுகின்றது என்பதை மேன்மேலும் உறுதிப்படுத்தியுள்ளன. பரீட்சைக்கு முன்னாள் இரவு முழுதும் படிப்போன், இரவெல்லாம் நெல்லைக் கொணர்ந்து களத்திற் குவித்துவிட்டுக் களஞ்சியத்தைத் திறவாது விட்டவனை ஒப்பான்.

துயிற்குறைவின் மற்றொரு கேடு, குறைவுற்றவன் அதனை உணராமையே. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், இரவுதோறும் ஆறுமணி நேரமே உறங்கவிடப் பெற்றோர் பதினான்கு நாட்களுக்குப்பின், ஓரிரவு, ஈரிரவு முற்றும் உறங்காதவர் அளவுக்குக் கவனங் குன்றினர். எனினும் தாம் நன்றாகவே இருப்பதாக அவர்கள் எண்ணியிருந்தனர். "எனக்கு ஐந்து மணி நேரம் போதும்" என்று பெருமிதங் கொள்ளும் நண்பர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

கவனக்குறைவு பரீட்சைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும். சாலையில் உயிரையே கொள்ளும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கைத்திறமும் கண்கூர்மையும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மது கலந்தவனுடையன போலத் தாழ்கின்றன என்று ஆஸ்திரேலிய அறிஞர் 1997-ஆம் ஆண்டு காட்டினர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுவோர்க்கு வகுத்த எல்லையோ 0.03 பங்கே. ஆகவே, இரவு முழுதும் விழித்திருந்து வைகறையில் இருசக்கர வண்டியில் அடையாறு பாலத்தைக் கடக்கும் மாணவன், ஒரு துளி மதுவும் அருந்தாதவனாயினும், அருந்தியவன் நிலையிலேயே செல்கின்றான். காவலர் கருவி அவனைப் பிடியாது; விபத்துப் பிடிக்கும்.

உடல்நலத்தைக் கூறுமிடத்து, நீரிழிவு மிகுந்த நம் நகரத்தார் மறவாதிருக்க வேண்டிய சோதனையொன்று உண்டு. 1999-ஆம் ஆண்டு சிக்காகோவில் நல்லுடல் படைத்த இளைஞர் பதினொருவரை ஆறு இரவுகள் நந்நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்து சோதித்தபோது, இரத்தத்திற் சேர்ந்த சர்க்கரையை உடல் அகற்றும் ஆற்றல் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. போதிய துயிலின்மை நெடுநாள் நீடிப்பின் இரத்த அழுத்தம், உடற்பருமன், மனச்சோர்வு முதலியவும் தொடர்கின்றன என்பர் மருத்துவர்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் குளிர்நாட்டுச் சோதனைச்சாலைகளில், அமைதியான அறைகளிற் கண்ட உண்மைகள். வெப்பமும் ஓசையும் கொசுவும் மலிந்த நம் நகரத்து ஏழை மக்களின் துயில் எத்தகையது? இவ்வினாவை எழுப்பியவர் பெத்ரோ பெஸோனே, கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாத்தி தோமா என்னும் பொருளியலார் ஐவர். அவர்கள் சென்னையில் குறைந்த வருவாயுடைய 452 பேரைத் தேர்ந்து, இருபத்தெட்டு நாட்கள் கணிப்பொறியில் விவரங்களைப் பதியும் கூலிவேலை தந்து, மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியை அணிவித்து, அவர்தம் துயிலை அளந்தனர். ஆய்வின் முடிவு 2021-ஆம் ஆண்டு வெளியாயிற்று.

முதற்கண் தெரிந்த செய்தியே நெஞ்சை வருத்துவது. அம்மக்கள் இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் படுக்கையிற் கிடந்தனர். உறங்கியதோ சராசரி ஐந்தரை மணி நேரமே. எஞ்சிய இரண்டரை மணி நேரமும் புரண்டும் விழித்தும் கழிந்தது. துயில் பலமுறை அறுபட்டது. செல்வ நாடுகளில் நோயாளிகளென மருத்துவரை நாடுவோரின் துயில் எவ்வளவு சிதைந்திருக்குமோ, அவ்வளவு சிதைந்த துயிலே நோயற்ற இவர்களுக்கு வாய்த்திருந்தது.

பின்னர் ஆராய்ச்சியாளர், அவருட் சிலர்க்குக் கட்டில், மெத்தை, தலையணை, விரிப்பு, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பு ஆகியவற்றை வழங்கித் துயிலின் பயனையும் எடுத்துரைத்தனர். வேறு சிலர்க்கு அவற்றோடு மிகுதியாக உறங்கியதற்குப் பணமும் அளித்தனர். இரவுத்துயில் சராசரி இருபத்தேழு நிமிஷம் கூடிற்று. இதனாற் பெரும்பயன் விளையுமென வல்லுநர் பலர் முன்னரே கணித்திருந்தனர். நடந்தது வேறு. அறிவுக்கூர்மையிலோ வேலைத்திறத்திலோ மனநலத்திலோ அளவிடத்தக்க மாறுதல் ஒன்றும் தோன்றவில்லை. படுக்கையில் கழிந்த நேரம் மிகுந்தமையால் வேலை செய்த நேரம் சிறிது குறையவுஞ் செய்தது.

ஆனால் அதே ஆய்வில் மற்றொரு பகுதி உண்டு. சிலர்க்கு வேலைக்கூடத்திலேயே நடுப்பகலில் அரைமணி நேரம் உறங்க இடந்தரப்பட்டது. அச்சிறு பகற்றுயிலால் அவர்தம் வேலைத்திறமும் மனநலமும் அறிவுக்கூர்மையும் உயர்ந்தன. அந்நேரத்தில் உறங்காது வெறுமனே ஓய்ந்திருந்தவர்க்கு இப்பயன் அவ்வளவாகக் கிட்டவில்லை. ஆயினும் துயில் கொண்ட நேரம் வேலைநேரத்திற் குறைந்ததென்பதையும் அவர்கள் மறைக்காது கூறினர்.

இம்முடிவுகளை மாணவர் கருத்தோடு நோக்குதல் வேண்டும். துயில் வேண்டாவென்று இவை கூறவில்லை. கூட்டிய இருபத்தேழு நிமிஷமும், அம்மக்கள் படுக்கையில் நெடுநேரங் கிடந்ததனாற் பெற்றதே. அறுபட்டு அறுபட்டு வரும் துயிலின் தன்மை அதனால் திருந்தவில்லை. ஓட்டைக் குடத்தில் இன்னும் ஒருபடி நீரை ஊற்றியது போலாயிற்று. ஓட்டையை அடைப்பதன்றோ முதற்கடமை? அமைதியான இடத்திற் பெற்ற அரைமணிப் பகற்றுயிலோ சிறிதாயினும் பயன் தந்தது. அளவு மட்டுமன்றித் தன்மையும் துயிலுக்கு உண்டென்பதே நாம் இதனின்று உய்த்துணரத்தக்கது. ஆய்வாளர் தாம் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கண்டதையும் உள்ளவாறே வெளியிட்ட நேர்மை நம் விஞ்ஞான மாணவர் பின்பற்றுதற்குரியது.

யார் துயிலை யார் கெடுக்கின்றனர்?

இனி, நம் கலாசாலையைச் சூழ்ந்த பகுதிகளை நோக்குவோம். மயிலை மாடவீதிகளில் நாம் காலையிற் காணும் பூக்காரப் பெண்டிர், கோயம்பேட்டுச் சந்தையில் பூக்கொள்ளும் பொருட்டு விடியுமுன்னரே எழுந்தவர். நொச்சிக்குப்பத்தும் ஊரூர்க் குப்பத்தும் வாழும் பரதவர், நாம் நன்கு உறங்கும் யாமத்திற் கடலேறுபவர். இவர்கள் முன்னிரவிற் கண்ணயரும் வேளையிலேதான் திருமண மண்டபத்து ஒலிபெருக்கியும் வண்டிகளின் ஊதொலியும் மிகுகின்றன. கழிவுநீர் தேங்கிய பக்கிங்காம் கால்வாயும் அடையாறும் கொசுவை வளர்க்கின்றன. காற்றோட்டமற்ற ஓரறை வீட்டில் பகல்வெப்பம் நள்ளிரவிலும் தணிவதில்லை. உள்வெப்பம் தணிந்தாலன்றித் துயில் ஆழாதென முன்னர்க் கூறினோம். திண்ணையும் முற்றமும் உடைய பழைய மயிலை வீடுகளில் கடற்காற்றை நாடிப் படுக்க இடமிருந்தது. அடுக்குமாடியில் அதுவும் அரிதாயிற்று.

தியாகராய நகரம் மாம்பலம் ஏரியை வற்றச்செய்து 1920-ஆம் ஆண்டுகளில் அமைதியான குடியிருப்பாக வகுக்கப்பெற்றது. இன்றோ அதன் ரங்கநாதன் தெரு நாட்டில் நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களுள் ஒன்று. அத்தகைய கடைகளில் நாள்முழுதும் நின்று பணிபுரியும் இளம் பெண்டிரும் ஆடவரும் உட்காரவாவது இருக்கை பெறுதல் வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டிலேதான் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பெற்றது. உட்காரும் உரிமைக்கே அத்தனை காலம் ஆயிற்றெனின், நடுப்பகலில் அரைமணி கண்ணயரும் உரிமை எந்நாள் வருமோ!

சட்டம் நமக்குத் துணையில்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்குகின்றன. குடியிருப்பிடங்களில் இரவின் ஓசை 45 டெசிபெல் அளவைக் கடத்தலாகாது என வரையறுக்கின்றன. 2012-ஆம் ஆண்டு ராம்லீலா மைதான வழக்கின் தீர்ப்பில், துயில் மனிதனின் உயிர்வாழும் உரிமையில் அடங்கியதென்று உச்சநீதிமன்ற நீதிபதி சௌஹான் எழுதினார். விதி ஏட்டில் உள்ளது. அதனைத் தெருவிற் கொணர்தல் குடிமக்களாகிய நம் கடன்.

செய்யத்தக்கன

மாணவர் தம்மளவிற் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். வளர்ந்தோர்க்கு நாள்தோறும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத துயில் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பதின்ம வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். படுக்கும் நேரத்தினும் எழும் நேரத்தை ஒழுங்காக வைத்தல் எளிது. ஞாயிற்றுக்கிழமையும் அதனை மாற்றாதீர். காலையிற் சிறிது நேரம் வெயிலில் நடந்து உட்கடிகாரத்தைத் திருத்துங்கள். மாலைக்குப்பின் காப்பியைத் தவிருங்கள். கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் ஒளியினும் அதிற் காணும் செய்தியே மனத்தை மிகுதியாக விழிக்கச் செய்வது. பகலில் உறங்க நேரின் அரைமணிக்கு மேற்படாது, பிற்பகல் மூன்று மணிக்குமுன் முடித்துக்கொள்ளுங்கள். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடைப்படுதலும் உடையாரை நகைத்து விடாது மருத்துவரிடம் அனுப்புங்கள். அது நோயாதலுங் கூடும். படுத்தும் உறக்கம் வாராத நிலை பல வாரங்கள் நீடிப்பின், தாமே மாத்திரை வாங்கி உண்ணாது மருத்துவ அறிவுரை பெறுங்கள்.

பிறர்பொருட்டுச் செய்யத்தக்கனவும் உள. விடுதியில் அடுத்த அறையான் உறங்கும்போது குரலைத் தாழ்த்துதல் ஒரு சிறிய தருமம். பத்து மணிக்குமேல் நம் விழாக்களில் ஒலிபெருக்கியை நிறுத்துதல் பெரிய தருமம். வீட்டில் நமக்குமுன் எழுந்து நமக்குப்பின் உறங்கும் அன்னையின் வேலையிற் பங்குகொண்டு, அவர் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கும்படி செய்தல் எல்லாவற்றினும் பெரிய தருமம். நாளை அலுவலகங்களையும் ஆலைகளையும் நடத்தவிருக்கும் நம் மாணவர், தம் கீழ்ப் பணிபுரிவோர்க்கு நிழலான இடமும் அரைமணி ஓய்வும் தருதலை ஈகையென்று கருதாது, சென்னை ஆய்வு காட்டிய அறிவென்றே கருதுவாராக.

உணவைப் பகிர்ந்துண்ணுதலை நம் முன்னோர் தலையாய அறமென்றனர். துயிலைப் பகிர்ந்தளிக்க இயலாது. ஆயினும் பிறர் துயிலைப் பறியாதிருக்க இயலும். தாமும் நன்கு துயின்று, பிறரையும் துயிலவிடும் மக்கள் நிறைந்த நகரமே நலமுடைய நகரமாகும். அன்பர்களே, இவ்வாண்டுப் பரீட்சைக்கு முன்னாளிரவு, நூலைக் காலத்தோடு மூடி விளக்கை அவித்துவிடுங்கள். நீங்கள் கற்றவற்றைக் காத்து வைக்கும் வேலையை உங்கள் துயில் செய்து முடிக்கும்.